கணவாய் கூடும், அதன் ஈரல்?



“மௌலவி, கணவாய் சாப்பிடக் கூடுமா?” என்பது நமது பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பதில் தெளிவானது. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி கடலிலே வாழும் பிராணிகள் ஹலால். கணவாயும், ஊசிக்கணவாயும், எட்டுக் கால்களுடைய பேய்க்கணவாயும் இதில் அடங்கும். ஹனஃபி மத்ஹபிலோ கடல் பிராணிகளில் மீன் இனம் மட்டுமே கூடும். ஆகவே, அந்த மத்ஹபைச் சேர்ந்த மருமகள் உங்கள் வீட்டுக்கு வந்து கணவாய்ச் சட்டியை ஒதுக்கினால், அவளைக் குறை சொல்லாதீர்கள்.

ஆனால், ‘கூடும்’ என்ற பதிலோடு கேள்வியை முடித்துக்கொள்கிறோமே, அதுதான் போதாது. குர்ஆன் உணவைப் பற்றிக் கூறும்போது ‘ஹலால்’ என்பதோடு ‘தய்யிப்’, அதாவது தூய்மையானது, நலம் தருவது என்பதையும் சேர்த்தே கூறுகிறது. உடலுக்குத் தீங்கு செய்யும் பொருளை உண்பது கூடாது என்பதும் நமது ஃபிக்ஹு நூல்களின் சட்டமே. கணவாயின் சதை விஷயத்தில் கவலை குறைவு. கவலையெல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சிறு உறுப்பைப் பற்றித்தான்.

குருநகர், பாசையூர், நாவாந்துறை, காக்கைதீவு என்று யாழ்ப்பாணத்துக் கரையெங்கும் கணவாய் வருகிறது. பிரட்டலாகவும் கறியாகவும் சமைக்கிறோம். ஒடியற் கூழ் காய்ச்சும் வீடுகளில் நண்டோடும் இறாலோடும் அதுவும் போகிறது. இந்தக் கணவாய் ஓரிரு வருடங்களே வாழும் பிராணி. அந்தக் குறுகிய காலத்தில் நண்டு, இறால், சிறு மீன் என்று ஓயாமல் தின்று வேகமாக வளர்கிறது. அதன் இரத்தம் நமது இரத்தத்தைப் போல் சிவப்பல்ல, நீலம். நமது இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதன் இரத்தத்தில் செம்பு செய்கிறது. ஆகவே, உலோகத்தைச் சேர்த்து வைப்பது அதன் படைப்பிலேயே உள்ளது.

தின்ற இரையில் உள்ள செம்பு, நாகம், வெள்ளி இவற்றோடு காட்மியம் என்ற நச்சு உலோகத்தையும் அது ஓர் இடத்தில் சேர்த்து வைக்கிறது. அந்த இடம்தான் ஈரல் போன்ற அதன் செரிமானச் சுரப்பி. கணவாயைக் கீறும்போது மைப்பையின் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் மென்மையாக இருக்கிறதே, அதுவே. உடல் எடையில் இது சிறு பங்குதான். ஆனால் உடலில் உள்ள காட்மியத்தின் பெரும் பங்கு இதற்குள்தான் இருக்கிறது. சதையிலும் கால்களிலும் இருப்பது மிகக் குறைவு.

“எங்கள் கடல் சுத்தமானதுதானே!” என்று நீங்கள் சொல்லலாம். அப்படியல்ல, சகோதரிகளே. தொழிற்சாலையின் வாடையே படாத இடங்களிலும் இதே நிலைதான். இந்து சமுத்திரத்தின் தென் கோடியில் உள்ள கெர்கெலன் தீவுகளிலும், வட அத்திலாந்திக்கில் உள்ள ஃபாரோ தீவுகளிலும் பிடித்த கணவாய் இனங்களின் ஈரலிலும் காட்மியம் மிகுதியாகவே இருந்தது. கடல் எதுவானாலும் ஈரல் ஈரல்தான். அழுக்குக் கடலில் அது இன்னும் கூடும்.

உலக வர்த்தகத்திலும் இந்த வேறுபாடு பார்க்கப்படுகிறது. வயிற்றுப் பகுதியை நீக்கிய கணவாயில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். இந்த அளவைத் தாண்டியதால் இந்தியாவிலிருந்து போன கணவாய்ச் சரக்குகள் பலமுறை தடுக்கப்பட்டிருக்கின்றன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிடித்தவுடன் வயிற்றைச் சுத்தம் செய்யாமல் வைத்திருந்தாலும், முழுதாக உறைய வைத்து மீண்டும் இளக்கினாலும், ஈரல் கரைந்து அதிலுள்ள காட்மியம் நல்ல சதைக்குள் ஊறிவிடுகிறது. வீட்டில் குளிர்பெட்டி வைத்திருக்கும் பெண்களுக்கு இது முக்கியமான செய்தி.

தென் கொரியாவில் 2010 செப்டெம்பரில் நடந்ததையும் கேளுங்கள். அங்கே பேய்க்கணவாயைத் தலையோடு சாப்பிடுவது வழக்கம். ‘தலை’ என்று நாம் சொல்லும் பைக்குள்தான் அதன் குடலும் ஈரலும் மைப்பையும் இருக்கின்றன. அந்தப் பகுதியில் அளவுக்கு மேல் காட்மியம் இருப்பதாக சியோல் நகர நிர்வாகம் அறிவித்தது. உடனே வியாபாரம் விழுந்தது, மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். முழுப் பிராணியாகக் கணக்கிட்டால் ஆபத்தில்லை என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் சொன்னது. எந்தப் பகுதியை நீக்க வேண்டும் என்பதை மக்களுக்கு முன்பே சொல்லியிருந்தால், பீதியும் இல்லை, மீனவர் வயிற்றில் அடியும் இல்லை.

காட்மியம் அப்படி என்ன செய்துவிடும்? உடலுக்குள் போனால் அது சிறுநீரகத்தில் தங்குகிறது. பத்து முதல் முப்பது வருடங்கள் கழிந்தும் அதில் பாதி அங்கேயே இருக்கும். சிறுநீரகத்தைக் கெடுத்து, பின்னர் எலும்பையும் பலவீனமாக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றோரத்தில், சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த நெல்லை உண்ட மக்களுக்கு ஒரு நோய் வந்தது. ‘இதாய் இதாய்’ என்று பெயர். ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று பொருள். இருமினாலே எலும்பு முறிந்தவர்கள் உண்டு. காரணம் காட்மியம்தான் என்று 1968ல் ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்டது. அதில் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? பல பிள்ளைகளைப் பெற்ற, நடுவயதைத் தாண்டிய பெண்கள்!

நமது பெண்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். உடலில் இரும்புச் சத்து குறைந்தவர்களின் குடல் காட்மியத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. மாதவிடாய், கர்ப்பம், பிரசவம் என்று இரத்தத்தை இழப்பவர்கள் பெண்களே. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியின் அடியில் மிஞ்சியதைச் சாப்பிடுபவர்களும் பெண்களே. முருங்கைக்கீரை, பயறு வகை, இறைச்சி இவற்றில் உங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். அது சுயநலமல்ல, உடலும் அமானிதமே.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 2010ல் உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் காட்மியம்வரை தாங்கலாம் என்று வரையறுத்தது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மாதம் முழுவதற்கும் 1.25 மில்லிகிராம். ஈரலில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 50 கிராம் ஈரலிலேயே அந்த மாதக் கணக்கு முடிந்துவிடும்! சோற்றிலும் கீரையிலும் வருவது வேறு.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். கணவாயை வாங்கிய அன்றே சுத்தம் செய்யுங்கள். ஓட்டை எடுத்தபின் தலையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் குடல், மைப்பை, ஈரல் எல்லாம் சேர்ந்து வரும். ஈரல் உடைந்துவிடாமல் பாருங்கள். உடைந்தால் சதையை நன்றாகக் கழுவுங்கள். பேய்க்கணவாயின் தலைப்பையை உள்வெளியாகத் திருப்பி, உள்ளே இருப்பதை முழுவதும் அறுத்தெடுங்கள். எடுத்த கழிவைக் கோழிக்குப் போட வேண்டாம். “நன்றாக அவித்தால் போய்விடும்” என்று நினைக்காதீர்கள். நெருப்புக்குக் கிருமி சாகும், உலோகம் சாகாது. பெரிய மீனின் வயிற்றை நீக்கிக் கழுவ வேண்டும், சிரமம் கருதிச் சிறு மீனுக்குச் சலுகை உண்டு என்று ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதிவைத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

பாதரசம் இதற்கு மாறானது. அது சதையிலேயே ஏறுகிறது, கழுவினாலும் போகாது. பெரிய சுறா, வாள்மீன் போன்றவற்றில் அது மிகுதி. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இவற்றைத் தவிர்க்கும்படி கூறும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஊசிக்கணவாயை நல்ல வகைப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுக்கும் மாமிமார், பெரிய சுறாவை விட்டுச் சிறியதையே தேடுங்கள். அதையும் அளவோடு கொடுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு செய்தி உண்டு. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சி இலையில் வைக்கிறது. கணவாயின் ஈரலை நீங்கள் வீசிவிட்டு வரும்போது, முற்றத்தில் அவர் சிகரெட்டைப் பற்றவைத்தால் என்ன பயன்?

கடைசியாக, நமது மண்ணைப் பற்றி. யாழ்ப்பாணம் சுண்ணக்கல் பூமி. மேலே கொட்டுவது மழையோடு கீழே இறங்குகிறது. கிணற்றுக்கும் வருகிறது, கடலுக்கும் போகிறது. கீரிமலையில் நன்னீர் கடலோரத்தில் ஊறுவதே அதற்குச் சாட்சி. சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி 2019ல் உயர் நீதிமன்றம் மின் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. பழைய பற்றரி, பெயின்ட் தகரம் இவற்றைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் எறியும் வீட்டில், அந்த உலோகம் ஒருநாள் நண்டின் வயிற்றுக்கும், நண்டிலிருந்து கணவாய்க்கும் போகலாம். நாம் எறிந்தது நமது சட்டிக்கே திரும்பி வரும்.

கடலின் உணவை நமக்கு ஹலாலாக்கிய அல்லாஹ், அதைத் தூய்மையாக உண்ணவும் கடலைத் தூய்மையாக வைத்திருக்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.