கோட்டையைக் கட்டிய கைகளும் காக்க வேண்டிய கைகளும்

ஜார்ஜ்டவுன் கடலோரத்தில், பாடாங் திடலுக்கும் விக்டோரியா மகாராணி மணிக்கூண்டுக்கும் இடையில் நிற்கிறது கார்ன்வாலிஸ் கோட்டை. கட்டி முடித்த நாளிலிருந்து அது ஒரு போரில்கூட ஈடுபட்டதில்லை. ஆனாலும் அதன் சுவர்கள் அடிபட்டுத்தான் நிற்கின்றன. உப்புக்காற்றும் மழையும் செங்கல் இடுக்கில் வேர்விடும் அரசங்கன்றும் இரண்டு நூற்றாண்டுகளாக ஓயாமல் முற்றுகையிட்டு வருகின்றன. இவற்றோடு சேர்ந்துகொள்வது, 'அதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்' என்ற நம் அலட்சியம். கோட்டையைச் சீர்ப்படுத்த அரசும் அறக்கட்டளைகளும் அண்மை ஆண்டுகளில் பணமும் உழைப்பும் போட்டிருக்கின்றன. எஞ்சிய பாதி வேலை பினாங்கில் வாழும் எல்லாருக்கும் உரியது. அதில் தமிழர்களுக்குத் தனிப் பங்கு உண்டு என்பதே இங்கே சொல்ல வருவது.

1786 ஜூலை 17 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் இந்த முனையில் கரையிறங்கினார். ஆகஸ்ட் 11 அன்று தீவைக் கம்பெனி வசமாக்கிக்கொண்டதாக அறிவித்தார். முதலில் எழுந்தது நீபோங் பனைத் தண்டுகளை வரிசையாக நட்டு அமைத்த வேலிக் கோட்டைதான். வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். தீவைக் கொடுத்த கெடா சுல்தான் பதிலுக்கு எதிர்பார்த்தது சயாமிடமிருந்து பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு வரவேயில்லை. 1791இல் தீவை மீட்க அவர் திரட்டிய படையையும் லைட் எதிர்க்கரையிலுள்ள பிறையில் முறியடித்தார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்ற உடன்படிக்கையோடு சுல்தான் அடங்க வேண்டியதாயிற்று. ஆக, கோட்டையின் பிறப்புக் கதையிலேயே ஒரு நம்பிக்கைத் துரோகம் இருக்கிறது. அதை மூடி மறைத்துவிட்டுப் பாரம்பரியம் பேசுவதில் பொருளில்லை.

பனைவேலி செங்கல் சுவரானது ராபர்ட் டவுன்சென்ட் ஃபர்குஹார் ஆட்சி செய்த 1804இல். வேலை முடிந்தது நார்மன் மெக்காலிஸ்டர் ஆளுநராக இருந்த 1810இல். செலவு 80,000 ஸ்பானிய டாலர். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் அம்பு முனைபோல் வெளியே நீளும் கொத்தளங்கள் உண்டு. மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம்போல் தெரியும். இது அழகுக்காகச் செய்தது அல்ல. நேர்ச்சுவரின் அடியில் வந்து ஒண்டிக்கொள்ளும் எதிரியை மேலே நிற்பவனால் சுட முடியாது. கொத்தளம் வெளியே நீண்டிருந்தால் பக்கவாட்டிலிருந்து சுவரின் அடிவரை குறிவைக்கலாம். சுவரின் உயரம் சுமார் பத்தடிதான். பீரங்கிக் காலத்தில் உயர்ந்த சுவர் எளிதில் சரியும். தாழ்ந்து தடித்த சுவரே தாங்கும். சுற்றிலும் சுமார் 9 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட அகழி இருந்தது.

உள்ளே நுழைந்தால் 1799ஆம் ஆண்டின் சிறு தேவாலயமும் 1814இல் கட்டிய வெடிமருந்துக் கிடங்கும் இருக்கின்றன. லைட் இறந்தபின் அவருடைய துணைவி மார்டினா ரோசல்ஸ் மறுமணம் செய்துகொண்டது அந்தத் தேவாலயத்தில்தான். வடகிழக்கு மூலையில் 1882இல் நிறுவிய 21 மீட்டர் உயர எஃகுக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. கடலை நோக்கிய பீரங்கிகளில் பெயர் பெற்றது 'ஸ்ரீ ரம்பாய்'. 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர் சுல்தானுக்குப் பரிசாகப் போய், அங்கிருந்து ஆச்சே படையிடம் சிக்கி, பிறகு சிலாங்கூர் சேர்ந்து, 1871இல் ஆங்கிலேயர் கையில் மாட்டியது. குழந்தை வரம் வேண்டிய பெண்கள் அதன் வாயில் பூ வைத்து வணங்கிய வழக்கம் இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். கொல்வதற்கென்று வார்த்த பீரங்கியைப் பிள்ளை வரம் தரும் தெய்வமாக்கிக்கொண்ட மக்கள், கோட்டையை எப்போதோ தங்களுடையதாக்கிவிட்டார்கள்.

இந்தச் சுவர்களை எழுப்பியவர்கள் யார்? இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட தண்டனைக் கைதிகள். 1796இல் அந்தமான் குடியேற்றத்தைக் கம்பெனி கைவிட்டபோது, அங்கிருந்த சுமார் 700 கைதிகளைப் பினாங்குக்கு மாற்றியது. சதுப்பைத் தூர்த்ததும் சாலை போட்டதும் செங்கல் அடுக்கியதும் அவர்கள் போன்றவர்களே. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு வகைக் கைதிகளும் வந்தார்கள். 1801 அக்டோபர் 24 அன்று தன்னை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கம்பெனி, அவர்களோடு நின்று போரிட்ட பாளையக்காரர்களில் 70க்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடித் துறைமுகத்தில் 'அட்மிரல் நெல்சன்' கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு அனுப்பியது. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி அவர்களில் ஒருவர். அப்போது அவர் சிறு வயதுப் பிள்ளை.

அந்தப் போரில் கம்பெனிப் படையில் இருந்தவர் ஜேம்ஸ் வெல்ஷ். அதற்கு முன் நட்பாக இருந்த காலத்தில் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. 1818இல் வெல்ஷ் பினாங்கில் இருந்தபோது, தளர்ந்துபோன ஒரு மனிதர் அவரைப் பார்க்க வந்தார். வந்தவர் பெயர் சொன்ன பிறகே துரைச்சாமி என்று வெல்ஷுக்கு விளங்கியது. இளம் வயதிலேயே கிழவராகியிருந்தார். ஊரில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு கடிதம் சேர்ப்பிக்க முடியுமா என்பது மட்டுமே அவர் கேட்டது. அதற்கும் விதி இடம்கொடுக்கவில்லை. வெல்ஷே தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்து வைத்திருக்கும் சம்பவம் இது. கோட்டை கட்டி முடிந்து அப்போது எட்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

"அடிமைப்படுத்தியவன் கட்டிய கோட்டையை நாம் ஏன் காக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கெடா மக்களுக்கும் மருது வம்சத்தை நினைப்பவர்களுக்கும் அந்தக் கோபம் இருக்கக்கூடும். ஆனால் கட்டச் சொன்னவனுக்கு மட்டுமே கட்டடம் சொந்தமா? கல் சுமந்தவனுக்கு அதில் பங்கில்லையா? கோட்டை அழிந்தால் கார்ன்வாலிஸ் பிரபுவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் பெயர் புத்தகங்களில் பத்திரமாக இருக்கும். சுவரைத் தவிர வேறு எதிலும் தடயம் விட்டுச்செல்லாத கைதிகள்தாம் இரண்டாம் முறை காணாமல் போவார்கள்.

இதை மற்ற நாடுகள் எப்படிக் கையாளுகின்றன என்றும் பார்க்கலாம். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் தொடங்கியதே ஒரு தீவுக் கோட்டையில்தான். 1703இல் நேவா ஆற்றின் முயல் தீவில் பீட்டர் மன்னர் அடிக்கல் நாட்டிய பீட்டர்-பால் கோட்டை அது. படைவீரர்கள், கட்டாய வேலைக்குப் பிடித்துவந்த குடியானவர்கள், சுவீடியப் போர்க்கைதிகள் ஆகியோரின் உழைப்பில் எழுந்தது. அதுவும் ஆறு கொத்தளங்கள் கொண்ட நட்சத்திரக் கோட்டை; பெரிய முற்றுகை எதையும் காணாமலே சிறைச்சாலையாகிப்போனது. இன்று ஜார் மன்னர்களின் கல்லறைகள் உள்ள பேராலயத்தைப் பார்க்கப் போகிறவர், சில அடி தள்ளி அரசியல் கைதிகள் அடைபட்டிருந்த துருபெத்ஸ்கோய் கொத்தளத்துச் சிறை அறைகளையும் பார்த்துவிட்டே திரும்புகிறார். பெருமையும் கொடுமையும் ஒரே வளாகத்தில், ஒன்றை ஒன்று மறைக்காமல் நிற்கின்றன.

ரஷ்யாவைத் தேடி அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசிக் கலங்கடித்த எம்டன் கப்பல், அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. கடலைப் பார்த்தபடி நின்ற கோட்டையால் அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை. 80க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். அவர்களுக்கு வெஸ்டர்ன் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. ரஷ்யத் தரப்பினர் வந்து மலர் வைத்துப் போகிறார்கள். ஓர் அதிகாலையில் இங்கே இறந்தவர்களை அவர்கள் நூறு ஆண்டுகள் தாண்டியும் மறக்கவில்லை. ஆயுள் முழுக்க இங்கே உழைத்து இறந்தவர்களை நினைப்பதற்கு நமக்கு என்ன தடை?

கோட்டைக்குள் பிரான்சிஸ் லைட்டின் வெண்கலச் சிலை நிற்கிறது. தீவின் 150ஆம் ஆண்டு நிறைவுக்காக 1936இல் செய்தது. லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்காததால் அவருடைய மகன் வில்லியமின் முகச்சாயலை வைத்துச் சிலையை வார்த்தார்கள். முகம் தெரியாத ஒருவருக்கே இப்படிச் சிலை வைக்க முடிந்தது என்றால், பெயர் தெரியாத கைதிகளுக்கு அதே முற்றத்தில் ஒரு கல் நாட்டுவது முடியாத காரியமா? லைட்டின் சிலையை அகற்ற வேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொரு நினைவுக்கும் இடம் தந்தால் போதும்.

அடுத்த வாதம், "இது அரசாங்கத்தின் வேலை" என்பது. பாதி உண்மை. 1977இல் கோட்டை தொல்பொருள் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டை அதன் மையப் பகுதிக்குள் வருகிறது. மலேரியா பரவியதால் 1920களில் மண்போட்டு மூடிய அகழியைத் திரும்பத் தோண்டி எடுக்கும் பணியில் மாநில அரசும் திங்க் சிட்டி நிறுவனமும் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் கைகோத்தன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அகழாய்வு செய்தார்கள். நோய்க்குப் பயந்து நம் முன்னோர் மூடிய பள்ளத்தைச் செலவழித்துத் திறந்திருக்கிறோம். அதில் நெகிழிப் போத்தலும் உணவுப் பொட்டலமும் மிதந்தால் அதற்கு எந்தத் துறையைக் குறைசொல்வது? தேங்கும் நீரில் கொசு பெருகினால், மூடியதே சரி என்று அடுத்த தலைமுறை சொல்லும்.

பழஞ்சுவர் எப்படிச் சாகிறது என்பதைக் கோட்டைச் சுவரருகே நின்று பார்த்தாலே தெரியும். சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெயிலில் வெளியே விடும். அவசரத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். அதோடு வந்த உப்பு செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். பறவை எச்சத்தில் விழுந்த அரச விதை விரல் நீளக் கன்றாக இருக்கும்போதே கவனித்து அகற்றினால் செலவு கொஞ்சம். கை தடிமனுக்கு வேர் இறங்கிய பிறகு என்றால் சுவரையே பிரித்துக் கட்ட வேண்டும். இதற்கு நிபுணர்தான் வேண்டும் என்றாலும், முதலில் கண்டு சொல்வதற்கு அன்றாடம் அந்த வழியாகப் போகிறவர்களின் கண் போதும். இதே பாடம் நம் பழைய கடைவீடுகளுக்கும் கோயில் மதில்களுக்கும் பொருந்தும்.

மூன்றாவது வாதம் பிழைப்பைப் பற்றியது. கடைக்காரருக்கும் அங்காடி வியாபாரிக்கும் பாரம்பரியம் சோறு போடுமா என்று கேட்கிறார்கள். பயணிகள் இந்த ஊருக்கு வருவது இந்தத் தெருக்களின் முகத்துக்காகத்தான் என்பதை அவர்களே நம்மைவிட நன்றாக அறிவார்கள். மையப் பகுதியில் கட்டடங்கள் 18 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு சிலருக்கு எரிச்சல் தரலாம். ஆனால் பத்தடிச் சுவருள்ள கோட்டையை நாற்பது மாடிகளுக்கு நடுவில் வைத்தால் அது கோட்டையாகத் தெரியாது. அதே சமயம், கட்டுப்பாடுகளின் பாரம் முழுவதையும் சிறு கடைக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. பழைய கட்டடத்தை முறைப்படி பழுதுபார்ப்பவருக்கு மானியமும் வழிகாட்டலும் கிடைக்க வேண்டும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வோம். அரசும் ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமை நிறுவனமும் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்குவதோடு, கைதிகளின் வரலாற்றைக் கோட்டைக்குள் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் எழுதி வைக்கட்டும். மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளும் கோட்டையைச் சுற்றுலாவுக்கு உரிய இடமாக மட்டும் பார்க்காமல் வரலாற்று வகுப்பறையாகவும் பயன்படுத்தட்டும். கோட்டை எழுந்து ஆறே ஆண்டுகளில், 1816இல், இதே ஊரில் பினாங்கு ஃப்ரீ பள்ளியில்தான் இந்நாட்டின் தமிழ்க்கல்வி தொடங்கியது என்பதைப் பிள்ளைகள் அங்கேயே நின்று கேட்கட்டும். இந்து அறப்பணி வாரியமும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் தேவாலயங்களும் சீனச் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து கோட்டை வளாகத்தில் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணி நடத்தட்டும். அங்காடிக்காரர்கள் தங்கள் கடை எல்லையில் குப்பைக்குப் பொறுப்பேற்கட்டும். சுற்றுலா வழிகாட்டிகள் லைட்டின் கதையோடு கெடா சுல்தானின் கதையையும் துரைச்சாமியின் கதையையும் சேர்த்துச் சொல்லட்டும். வீட்டுப் பெட்டியில் பழைய கடிதமோ நிலப்பத்திரமோ புகைப்படமோ வைத்திருக்கும் குடும்பங்கள் அதன் நகலையாவது ஆவணக்காப்பகத்துக்குத் தரட்டும்.

எதிலும் பெரிய தொகை தேவைப்படவில்லை; எதுவும் யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை. 2036இல் லைட் கரையிறங்கி 250 ஆண்டுகள் நிறைகின்றன. அன்று விழா எடுப்பார்கள், பேச்சாளர்கள் வருவார்கள், மாலைகள் விழும். அந்த விழாவில் லைட்டைப் பற்றி மட்டும் பேசுவதா, கோட்டையைக் கட்டியவர்களையும் பேசுவதா என்பதை அப்போது மேடையேறுகிறவர்கள் முடிவு செய்யப் போவதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன எழுதி வைத்தோம், எதைச் சுத்தமாக வைத்தோம், பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தோம் என்பதே முடிவு செய்யும். தமிழ்ச் சங்கங்கள் தங்கள் அடுத்த ஆண்டுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் கோட்டையை ஓர் அங்கமாகச் சேர்க்கட்டும். மற்றச் சமூகத்தாரையும் அதே மேசைக்கு அழைக்கட்டும். தொடங்குவதற்கு அது போதும்.