எண்ணுவதற்கு முன் அலகு: தமிழ்ப் பனுவலாய்வும் ‘ஆர்’ நிரல்மொழியும்

சொல்லடைவு, நடையியல், யாப்பாய்வு ஆகிய துறைகளில் புள்ளியியல் முறைகளின் பயன்பாடு பெருகிவருகின்றது. இவற்றுக்கு உதவும் கருவிகளுள் ‘ஆர்’ என்னும் நிரல்மொழியும் ஒன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் உருவாக்கிய இம்மொழியின் 1.0 பதிப்பு 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. விலையின்றிக் கிடைப்பதாலும், தரவைச் சீர்செய்து வரைபடமாக்கும் திறத்தாலும் ஆய்வாளர் பலர் இதனை விரும்புகின்றனர். ஆயினும், கருவி தரும் எண் எதனை எண்ணிப் பெறப்பட்டது என்னும் வினா போதிய அளவில் எழுப்பப்பெறவில்லை.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று. அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ‘ஆர்’ தரும் விடை ஐந்து. ஒருங்குறியில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளாக அச்சொல் சேமிக்கப்பெறுவதே காரணம். பைட் அளவில் கேட்டால் விடை 15. மூன்று விடைகளும் பிழையல்ல, அலகுகளே வேறு. கட்டளைக் கலித்துறையின் அடி, நேரசை முதலாயின் 16 எழுத்தும், நிரையசை முதலாயின் 17 எழுத்தும் பெறும் என்ற யாப்பு மரபு, ஒற்று நீக்கி எண்ணுக என்பதையும் உடன் கூறியது. அத்தெளிவு கணினிவழி ஆய்வுக்கும் இன்றியமையாதது.

தரவைத் தூய்மைசெய்யும் படியில் இடர் இன்னும் பெரிது. நிறுத்தற்குறிகளை அகற்றும் நோக்கில் ‘எழுத்தல்லாதவற்றை நீக்குக’ என்று கட்டளையிடுவது வழக்கம். ஒருங்குறி வகைப்பாட்டில் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் அடங்கா. அவ்வகைப்பாட்டை நேரே பின்பற்றும் கட்டளை அவற்றையும் நீக்கிவிடும். ‘கல்’, ‘கால்’, ‘கோல்’ மூன்றும் ‘கல’ என ஒன்றாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. அதன்மேல் எழும் சொல்நிகழ்வு அட்டவணை ஒழுங்குடையதாகவே காட்சியளிக்கும். முடிவு மட்டும் பொய்த்திருக்கும்.

இதற்கு மறுதலையான சிக்கலும் உண்டு. ‘கொ’ என்பதை ககரத்துடன் ஒகரக்குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாயினும் கணினிக்கு அவை இரண்டு. ஒரே சொல் இரு சொற்களாக எண்ணப்பெறும். ஒருங்குறி இயல்பாக்கம் இதனைத் தீர்க்கும். ஆனால் ஔகாரக்குறியின் இடத்தில் ளகரத்தையே தட்டச்சிட்ட வழுவை அது தீர்க்காது. பதிப்பறிவுடையோரே அதனைக் காண இயலும். குறியெண் வரிசையில் அடுக்கினால் னகரம் நகரத்தை அடுத்து வருவதால், ‘மயில்’ என்பதற்கு முன் ‘மனம்’ நிற்கும். ‘ஸ்ட்ரிங்கி’ தொகுப்பில் தமிழ் அகரவரிசையைத் தேர்ந்துகொள்ள வழியுண்டு. தேர்வது ஆய்வாளர் கடன்.

வரைபடத்தில் பிழை வெளிப்படையானது. எழுத்துருவாக்க விதிகளை அறியாத வரைகருவி, ‘கெ’ என்பதன் கொம்பைக் ககரத்துக்குப் பின் இட்டுவிடும். சில வேளைகளில் எழுத்துக்கு மாறாக வெற்றுக் கட்டங்களே தோன்றும். இதற்கு அஞ்சி அச்சுப்பெயர்களை உரோமன் எழுத்தில் தருவது தீர்வாகாது. விதிகளறிந்த வரைகருவிகள் ‘ஆர்’ மொழியில் உள்ளன.

இவை கணினியியலார் பணி என ஒதுக்குவோர் உளர். எழுத்து எது, சொல்லின் எல்லை எது, சந்தி பிரித்த பதிப்பை எண்ணுவதா, பிரியாத பதிப்பை எண்ணுவதா என்பன நிரலாக்க வினாக்கள் அல்ல, இலக்கண வினாக்கள். ஒரு நூலின் காலத்தையும் ஆசிரியரையும் எண்ணிக்கையால் நிறுவ முற்படும் ஆய்வில், இவ்வினாக்களுக்கான விடை மாறினால் முடிவும் மாறக்கூடும்.

ஆதலின் எண்ணிக்கைசார் கட்டுரைகளிடம் ஆய்விதழ்கள் மூன்றை வேண்டுதல் தகும். எண்ணிய அலகும் பயன்கொண்ட பதிப்பும் சுட்டப்பெற வேண்டும். நிரல் முழுமையாக இணைக்கப்பெற வேண்டும். சில பாடல்களையேனும் கையால் எண்ணி, நிரலின் விடையோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். பாடவேறுபாட்டைச் சுட்டாத பதிப்பை ஏலாத தமிழ்ப் புலமை மரபு, அலகைச் சுட்டாத எண்ணையும் ஏற்றல் கூடாது.