வண்டு கற்பித்த பாடம்

பால்மரம் வெட்டவும் இயந்திரம் வந்துவிட்டது என்று சொன்னால், நம் தோழர்களில் சிலர் சிரிக்கிறார்கள்; சிலர் அஞ்சுகிறார்கள். சிரிப்பதற்கும் காரணம் உண்டு, அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. ஆனால் இரண்டினாலும் தொழிலாளிக்கு ஒரு காசு பயனில்லை.

சிரிப்பவர்களின் நியாயம் நமக்குத் தெரிந்ததே. பட்டையை ஆழமாகச் சீவினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். மேலாகச் சீவினால் மங்கில் பால் குறையும். மரத்துக்கு மரம் பட்டை வேறுபடும். விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைந்து, ஒரு நாளைக்கு 500, 600 மரங்கள் வெட்டும் தொழிலாளியின் கைக்கு ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும். இந்தக் கைப்பழக்கம் இயந்திரத்துக்கு எப்படி வரும் என்று அவர் கேட்கிறார்.

வந்துகொண்டிருக்கிறது என்பதே பதில். சீனாவின் ஹைனான் தீவில், மரத்தில் பூட்டிய சிறு இயந்திரம் குறித்த நேரத்தில் தானே நகர்ந்து பட்டையைச் சீவுகிறது. நிரையில் ஊர்ந்து சென்று, பழைய வெட்டைக் கேமராவால் பார்த்து, ஆழத்தைக் கணினியின் செயற்கை அறிவால் கணித்து வெட்டும் ரோபோக்களையும் அங்கே சோதித்திருக்கிறார்கள். நம் நாட்டு ரப்பர் வாரியமும் தானியங்கிப் பால்வெட்டு முறை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. விலையும் பராமரிப்பும் இன்று தடையாக இருக்கலாம். அந்தத் தடை என்றும் நீடிக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பது பேதைமை.

நம் செம்பனைத் தோட்டங்களில் நடந்த ஒன்றை இங்கே நினைவூட்டுகிறோம். ஒரு காலத்தில் செம்பனை காய்க்க வேண்டுமானால் மனிதக் கை வேண்டும். மகரந்தப் பொடியை மரம் மரமாகச் சென்று பெண்பாளையில் தூவுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1981-ல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டை ஜொகூரில் விட்டார்கள். அது பாளைக்குப் பாளை பறந்து அந்த வேலையை இனாமாகச் செய்தது. விளைச்சல் பெருகியது. குறுகிய காலத்தில் வண்டு தீபகற்பம் முழுவதும் பரவியது. செக்ரோலில் மகரந்த வேலை என்ற கணக்கே மறைந்தது.

வண்டின் மீது நமக்குக் கோபமில்லை. அதைக் கண்டறிந்த விஞ்ஞானிகளைக் குறை கூறவுமில்லை. மிச்சமான கூலி யாருக்குப் போயிற்று என்பதே நம் கேள்வி. வேலை போன பிறகு பங்கு கேட்பவரின் குரலுக்கு வலு ஏது? வண்டு கற்பித்த பாடம் இதுதான்: கேட்பதை முன்னால் கேட்க வேண்டும்.

விஞ்ஞானத்துக்கு நாம் பகைவர்களல்லர். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உண்டாக்கிய 600-ஆம் எண் மரத்தின் பாலை நாமும்தான் சுமந்தோம். இருட்டில் பாம்புக்கும் கொசுவுக்கும் நடுவே வெட்டும் வேலையை இயந்திரம் ஏற்றால், இடுப்பொடியக் குனிந்தவர் நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் நிமிர்ந்து நிற்க அவருக்கு இடம் வேண்டுமல்லவா?

இன்றைய சட்டம் என்ன தருகிறது? 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளின்படி, 5 ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 20 ஆண்டு மரம் வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம். அதாவது ஓராண்டுக்குச் சற்று அதிகம். ஐம்பது வயதில் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, தோட்ட வீட்டையும் காலி செய்து அவர் எங்கே போவார்? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்ததை வரவேற்றோம். வேலையே இல்லாதவருக்கு அந்த உயர்வு எதற்கு?

ஆகவே நிர்வாகங்களையும் அரசாங்கத்தையும் வற்புறுத்துகிறோம். ஒரு நிரையிலேனும் இயந்திரத்தைச் சோதிக்குமுன் சங்கத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, அதே தோட்டத்தில் மரம் வெட்டியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சம்பளத்தோடு பயிற்சி அளித்து முதலிடம் தர வேண்டும். பாலின் எடைக்குக் கூலி என்ற கணக்கை மாற்றி, மாதச் சம்பளம் நிர்ணயித்து, மிச்சத்தில் ஒரு பங்கை அதில் சேர்க்க வேண்டும். மாற்று வீடு கிடைக்கும் வரை ஒரு குடும்பத்தையும் வெளியேற்றலாகாது. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களுக்கும் இது பொருந்தும். அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் தப்பிவிடலாம் என்பது வீண் கனவு.

தோழர்களே, நமக்கும் கடமை உண்டு. நாம் வெட்டும் மரம் எத்தனை, எடுக்கும் பால் எவ்வளவு, வாங்கும் கூலி எவ்வளவு என்று ஒவ்வொரு கிளையும் தானே எழுதி வைக்கட்டும். கணக்கில்லாமல் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். படிக்கும் பிள்ளைகளை மின்சாரமும் கணினியும் கற்கச் செய்வோம். இயந்திரம் வருகிற நாளில் அதன் திறவுகோல் தொழிலாளியின் பிள்ளை கையில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் சங்கத்தின் கையெழுத்தும் இருக்கட்டும்.