மிஸ்ஸிங்கும் பெட்ரோல் மேல் போடும் பழியும்

பெட்ரோல் எஞ்சினில் ஒரு சிலிண்டரோ, எல்லாச் சிலிண்டர்களுமோ தம் முறை வரும்போது எரியாமல் விட்டுப்போவதுதான் மிஸ்ஸிங். நிற்காமல் வரும் மிஸ்ஸிங்கை எந்த ஷெட்டிலும் அரை மணியில் பிடித்துவிடலாம். காலையில் இல்லாமல், மதியம் தலைகாட்டி, மெக்கானிக்கிடம் கொண்டுபோனதும் காணாமல் போகும் மிஸ்ஸிங்தான் பழைய கார் வைத்திருப்பவரின் பணத்தைத் தின்பது. சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "பெட்ரோல் கோளாறு." தீர்ப்பு மாறுவதே இல்லை, அதற்குச் சொல்லும் காரணம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறும். ஒரு காலத்தில் மண்ணெண்ணெய்க் கலப்படம் என்றார்கள். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்ததும், ஈயத்தை எடுத்ததால் வந்த வினை என்றார்கள். 2003இல் 5 விழுக்காடு எத்தனால் கலக்கத் தொடங்கியதும் பழி அதன்மேல் விழுந்தது. கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்ட இப்போது வேறு எதையும் யோசிக்கவே யாரும் தயாராக இல்லை. ஆனால் எத்தனால் வராத நாளிலும் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் இதே போல விட்டு விட்டு மிஸ்ஸிங் அடித்தன.

எத்தனால் வாதத்தில் ஒரு பாதி உண்மை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே பழைய கார்புரேட்டர் அதே ஜெட்டோடு 20 விழுக்காட்டுக் கலவையைக் கொடுத்தால் எஞ்சினுக்குப் போவது சற்று மெலிந்த கலவை. இழுவை குறையலாம், மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கலாம். பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் கெடுக்கும் என்பதும் மெய். அவற்றை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் இவை எல்லாமே நிலையான குறைகள். காலை பத்து மணிக்கு டேங்கில் இருந்த பெட்ரோல்தான் மதியம் மூன்று மணிக்கும் இருக்கிறது. கலப்பு மாறவில்லை, மிஸ்ஸிங் மட்டும் வந்து போகிறது. மாறாத ஒன்று மாறி மாறி வரும் கோளாறுக்குத் தனிக் காரணமாக இருக்க முடியாது. அந்த ஐந்து மணி நேரத்தில் மாறியவை சூடு, ஈரம், அதிர்வு, சுமை. தேட வேண்டிய இடம் அங்கே இருக்கிறது.

தண்ணீர் கலந்த பெட்ரோல் என்ற பேச்சுக்கு ஒரு கண்ணாடி பாட்டில் போதும்: டேங்கின் அடியிலிருந்து பிடித்து வைத்தால், எத்தனால் தன்னோடு கரைத்துக்கொள்ளும் அளவை மீறித் தண்ணீர் இருந்தால் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும்.

கார்புரேட்டரில் தூசி என்பது அடுத்த வாதம். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பழைய மாருதி 800க்கும் எல்லாச் சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே கார்புரேட்டர்தான். அதில் தூசி அடைத்தால் எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்து பட்டினி கிடக்கும். மூன்று சிலிண்டருக்கு ஒழுங்காகப் பெட்ரோல் தந்துவிட்டு நான்காவதை மட்டும் தூசி தடுக்காது. ஒரே சிலிண்டர் விடுகிறது என்றால் பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், வால்வு ஆகியவற்றில் ஒன்றே பெரும்பாலும் காரணம். நடையிலும் வேறுபாடு உண்டு. பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் மெதுவாகத் தளர்ந்து, கார்புரேட்டரின் கிண்ணம் மறுபடி நிரம்பியதும் மெதுவாக மீளும். கரண்ட் அறுந்தால் சுவிட்சை அணைத்துப் போட்டது போல வெடுக்கென்று வெட்டும். ஓட்டுபவர் இதைத் தெளிவாகச் சொல்லியும் பெரும்பாலான ஷெட்டுகளில் கேட்கப்படுவதில்லை.

பெட்ரோல் கட்சியின் வலுவான ஆயுதம் இன்னொரு வாதம்: "ஆக்சிலரேட்டர் மிதிச்சா மட்டும்தானே வருது? மிதிச்சா பெட்ரோல் போகுது. அப்ப பெட்ரோல்தானே?" சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்திலும், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும் மட்டுமே மிஸ்ஸிங் வருவதைச் சான்றாகக் காட்டுவார்கள். கேட்கச் சரியாகப் படும் இந்தப் பேச்சு இரண்டு இடத்தில் உடைகிறது.

முதலாவது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் அதிகக் காற்றும் பெட்ரோலும் புகுந்து, அமுக்கும்போது அழுத்தம் கூடும். அழுத்தம் கூடிய காற்றில் பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவை. சமதளத்தில் மெதுவாகப் போகும்போது பொறிக்கு வோல்டேஜ் தரும் நொண்டிக் காயிலும் கீறல் விட்ட கேப்பும் கடமையை ஒப்பேற்றிவிடும். ஏற்றத்தில் அதே மின்சாரம் பிளக்கைத் தாண்டுவதற்குப் பதில் கீறல் வழியாகவோ, ஒயரின் வெடிப்பு வழியாகவோ இரும்பில் இறங்கிவிடும். மிதித்தபோது பெட்ரோல் மட்டும் கூடவில்லை. கரண்டின் மேல் விழும் பாரமும் கூடுகிறது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. நல்ல மெக்கானிக்குகளையே ஏமாற்றுவது. பாயிண்ட் (காயிலின் கரண்டை அறுத்து விடும் தொடுமுனை) வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு ஒரே இடத்தில் நிற்பதில்லை. கார்புரேட்டரிலிருந்து வரும் சிறு குழாயின் வேக்குவம் அந்தத் தட்டை இழுத்துத் திருப்பும். பொறி சற்று முன்னதாக விழ அது ஒரு வழி. ஆக்சிலரேட்டரில் கால் அசையும்போதெல்லாம் தட்டும் அசையும். தட்டோடு சேர்ந்து, பாயிண்டுக்குப் போகும் மெல்லிய ஒயரும் தட்டின் எர்த் ஒயரும் மடங்கி நிமிரும். இருபது, முப்பது ஆண்டுகள் மடங்கி நிமிர்ந்த செம்பு இழைகள் மேலுறைக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒயர் முழுசாக இருக்கும். கையால் தொட்டாலும் தெரியாது. தட்டு ஒரு நிலையில் இருக்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொள்ளும், வண்டி அருமையாக ஓடும். மிதித்ததும் தட்டு திரும்பும், முனைகள் விலகும், பொறி நிற்கும். காலை எடுத்ததும் சரியாகும். பெட்ரோல் கோளாறைப் போலவே நடிக்கும் இந்த ஒரு ஒயருக்காகக் கழற்றப்பட்ட கார்புரேட்டர்கள் எத்தனையோ. கண்டுபிடிக்கும் வழி எளிது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, அந்த முனையை வாயால் உறிஞ்ச வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே, பெட்ரோல் ஒரு சொட்டும் கூடாமலே, எஞ்சின் வெட்டினால் குற்றவாளி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. புது ஒயரின் விலையைச் சொன்னால், நான்கு முறை கார்புரேட்டர் சர்வீஸுக்குக் கூலி கொடுத்தவருக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான்.

"கழுவின பிறகு சரியாச்சே" என்பார்கள். சரியானது கழுவியதாலா? கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, மாட்ட இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த நேரம் முழுக்க வண்டி ஷெட்டின் நிழலில் ஆறுகிறது. சூடேறினால் மட்டும் மக்கர் பண்ணும் காயிலும் கண்டென்சரும் ஆறிப் பழைய நிலைக்கு வந்துவிடும். வேலை செய்யும் கை பட்டு அரைகுறையாக மாட்டியிருந்த ஒயர்கள் அசைந்து உட்கார்ந்திருக்கும். சித்திரை வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும் இந்தச் சமவெளியில், மறுநாள் ஆத்தூர் சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டினால் மிஸ்ஸிங் திரும்பி வரும். கழுவாமல் இரண்டு மணி நேரம் சும்மா நிறுத்திப் பார்த்தாலே இந்தச் "சரியானது" எதனால் என்று தெரியும். வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும் என்ற வாதமும் ஒற்றைச் சிலிண்டர் மிஸ்ஸிங்குக்குப் பொருந்தாது: அப்படி ஆனால் எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்து தளரும், வண்டி நின்றும்போகலாம்; ஒரு சிலிண்டர் மட்டும் விட்டு விட்டு அடிக்காது.

இந்த நம்பிக்கை இங்கே இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு ஊரின் தொழிலே காரணம். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரி ஊர்கள்; திருச்செங்கோடு போர்வெல் ரிக்குகளின் ஊர். கைகள் பழகியது டீசல் எஞ்சினில். டீசலில் பொறி விடும் பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை, பாயிண்டும் இல்லை. அங்கே மிஸ்ஸிங் என்றால் முதலில் பார்ப்பது பைப்பில் ஏர், நாசில், பம்ப் இவற்றைத்தான். எரிபொருளைச் சந்தேகிப்பது அங்கே முழுக்க நியாயம். அந்தப் பாடத்தை அப்படியே பெட்ரோல் காருக்குக் கொண்டுவருவதில்தான் பிழை. போதாததற்கு, மெக்கானிக் ஷெட் ஒரு இடம், ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வேறு இடம். ஸ்பேனர் பிடிப்பவர் தன் கைக்கு எட்டியதைக் கழற்றுகிறார். மீட்டர் பிடிப்பவரிடம் வண்டி போவதே இல்லை.

தேட வேண்டிய முறை வேறு. முதலில் மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்று எழுதிவைக்க வேண்டும்: சூட்டிலா, மழையிலா, ஏற்றத்திலா, மேடுபள்ளத்திலா. மேடுபள்ளத்தில் என்றால் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் ஒயரும் இக்னிஷன் சுவிட்ச் கனெக்‌ஷனும். மழையிலும் பனிக்காலையிலும் என்றால் கேப், பிளக் ஒயர். இருட்டில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது, கையை விலக்கி வைத்துக்கொண்டு தண்ணீரைப் புகைபோலத் தெளித்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். சூட்டில் என்றால் காயிலையும் கண்டென்சரையும் சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும். ஆறிய காயிலின் ரீடிங் எதையும் சொல்லாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது காயில் நொடிக்கு 100 பொறி தர வேண்டும் என்பதை நினைத்தால் அது ஏன் களைக்கிறது என்று புரியும். மிஸ்ஸிங் வந்த கணத்தில் எஞ்சினை அணைத்து பிளக்குகளைக் கழற்றினால், ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அங்கே பெட்ரோல் வந்தது, பொறிதான் வரவில்லை.

இஞ்செக்‌ஷன் வந்த பிந்தைய கார்களில் ஸ்கேனர் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும், எந்தப் பாகம் என்று சொல்லாது; ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருந்தால் இரண்டை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும், கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான். அங்கே தனித்தனி இஞ்செக்டர் இருப்பதால் ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் குறையவும் வாய்ப்பு உண்டு. எந்தச் சிலிண்டர் என்று பார்க்க, கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு ஓடவிடவே கூடாது; எரியாத பெட்ரோல் உள்ளே போய் கன்வர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும்.

கரண்ட் பக்கம் எல்லாம் சரி என்று உறுதியான பிறகு கம்ப்ரஷன், வால்வு இடைவெளி, மேனிஃபோல்ட் காற்றுக்கசிவு. கார்புரேட்டர் இவற்றுக்கும் பிறகு. எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வேலை முடிந்தது என்று சொல்ல, ஷெட் வாசலில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பது போதாது. மிஸ்ஸிங் வந்த அதே ஏற்றத்தில், அதே மதிய வெயிலில், அதே ஆள் பாரத்தோடு வண்டி ஏற வேண்டும்.