டிராயைத் தோண்டிய ஹோமர் ரசிகர்

புராணப் பிரியர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. கிரேக்கக் கதை படிப்பார்கள், கவிதை படிப்பார்கள், காசு சேர்த்து ஊர் சுற்றுவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இந்தக் கூட்டத்தில் பலருக்கு ஒரு குலதெய்வம் இருக்கிறார், ஹைன்ரிச் ஷ்லீமன். அவரை என்றைக்குப் பீடத்திலிருந்து இறக்கப் போகிறார்களோ!

ஜெர்மன் வியாபாரி, ஹோமரின் இலியட் மேல் தீராக் காதல், ஊரே சிரித்தபோது புத்தகமும் கையுமாகப் போய் டிராயைக் கண்டுபிடித்தார்... இதுதான் எல்லோரும் சொல்லும் கதை. நடந்தது வேறு. ஹிசார்லிக் மேடுதான் டிராய் என்று அவருக்குக் கைகாட்டியவர் ஃப்ராங்க் கால்வர்ட். மேட்டின் ஒரு பகுதி கால்வர்ட்டுக்கே சொந்தம். 1860களிலேயே அங்கே தோண்டிப் பார்த்தவர். பெயர் யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை.

அந்த மேட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்குகள். ஹோமரின் டிராய் அடியில்தான் இருக்கும் என்று தானாகவே முடிவுகட்டிய ஷ்லீமன், 1871 முதல் 1873 வரை மேட்டின் குறுக்கே பெரும் பள்ளம் வெட்டினார். 1873ல் தங்கம் கிடைத்தது. பிரியம் மன்னனின் புதையல் என்று அறிவித்தார். மனைவி சோஃபியாவுக்கு அந்த நகைகளைப் போட்டுப் படமும் எடுத்தாயிற்று. அந்த நகை டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் முந்தியது! போரோடு ஆய்வாளர்கள் பொருத்திப் பார்ப்பது ஆறாம், ஏழாம் அடுக்குகளை. (மேட்டின் உச்சியைக் கோயில் கட்டுவதற்காகப் பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் ஏற்கெனவே சமப்படுத்தியிருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.) மிஞ்சியதில் எவ்வளவோ ஷ்லீமன் அள்ளி எறிந்த மண்ணோடு போயிற்று. தங்கத்தை ஓட்டோமான் அரசின் கண்ணில் படாமல் கடத்தினார். பெர்லினில் இருந்த அதை 1945ல் சோவியத் படை எடுத்துப்போனது. இப்போது இருப்பது மாஸ்கோவில்.

"இருந்தாலும் ஹோமரை அவ்வளவு காதலித்தாரே" என்பார்கள். காதலித்தவர் படித்தது என்ன? இலியட்டின் கடைசிப் பகுதியில், தன் மகனைக் கொன்றவனின் கைகளை முத்தமிட்டு, பிணத்தையாவது கொடு என்று கெஞ்சுகிறார் கிழவர் பிரியம். அக்கிலிஸ் அழுகிறான். இதை நம்ப யாருக்கு நகை வேண்டும்?

இன்றைய பயணிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2004ல் வந்த டிராய் படத்துக்காகச் செய்த மரக்குதிரை சானக்கலே கடற்கரையில் நிற்கிறது. அதன் முன்னால் போட்டோ பிடித்தால் இலியட் முடிந்தது என்று நினைப்பு. இலியட்டில் மரக்குதிரை எங்கே வருகிறது? ஹெக்டரின் ஈமச்சடங்கோடு நூல் முடிந்துவிடும்!

டிராய்க்குப் போகக்கூடாது என்றில்லை. தாராளமாகப் போகட்டும். ஆனால் படித்துவிட்டுப் போகட்டும். மேட்டில் நின்றால், அந்நாளில் விரிகுடாவாக இருந்த இடத்தில் வயல்கள் தெரியும். ஸ்கமாண்டர் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கிரேக்கர்கள் கப்பலைக் காக்கக் கட்டிய மதிலை ஆறுகளே அடித்துப் போய்ச் சுவடில்லாமல் செய்துவிடும் என்று ஹோமர் பன்னிரண்டாம் பகுதித் தொடக்கத்திலேயே பாடியிருக்கிறார். புத்தகமும் கையுமாகப் போன ஷ்லீமன் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லையா?