திறவுகோல் யார் கையில்?

வீட்டைப் பூட்டித் திறவுகோலைக் கள்வனிடமே ஒப்படைத்துச் செல்பவனைப் பேதை என்று ஊரார் நகுவர். அப்பேதைமையை அரசுகள் பலவும் விலை கொடுத்தே செய்தன என்பது அண்மைக்கால வரலாறு.

சுவிட்சர்லாந்து நாட்டின் சூகு நகரில் போரிசு ஏகலின் என்பார் 1952-இல் நிறுவிய 'கிரிப்டோ' என்னும் நிறுவனம், செய்திகளை மறைமொழியாக்கும் பொறிகளைச் செய்து 120-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்றது. எப்பக்கமும் சாராத நாட்டினர் செய்தவை என்னும் நம்பிக்கையால், அரசுகள் தம் படைச் செய்திகளையும் தூதரகச் செய்திகளையும் அப்பொறிகளிடம் ஒப்படைத்தன. ஆனால், அமெரிக்க நடுவண் உளவுத்துறையும் மேற்குச் செருமானிய உளவுத்துறையும் 1970-இல் அந்நிறுவனத்தையே கமுக்கமாக வாங்கிவிட்டிருந்தன! பொறிகள் பலவற்றுள், வாங்கியவர் அறியாவண்ணம் மறைப்பின் வலிமை குறைக்கப்பட்டது. ஈரானும் அர்செந்தினாவும் இந்தியாவும் பாக்கிசுத்தானும் அவற்றை வாங்கிய நாடுகளுள் அடங்கும். செருமானியர் 1993-இல் விலகினர்; அமெரிக்கர் 2018 வரை விலகிலர். 2020 பிப்பிரவரியிலேயே முழு உண்மையும் செய்தித்தாள்களில் வெளியாயிற்று. ஐயுற்று ஒதுங்கிய சோவியத்து ஒன்றியமும் சீனமும் அப்பொறிகளை வாங்கவே இல்லை. ஆகலின் அவ்வலையில் அவை வீழவுமில்லை.

பழைய பொறிகளின் கதை இற்றைக் கணினி வலைக்கு எவ்வாறு பொருந்தும் எனச் சிலர் வினவலாம். முன்னினும் மிகுதியாகவே பொருந்தும். கணினிச் செய்திகள் கடலடியில் கண்ணாடியிழை வடங்களின் வழியே ஒளியாக ஓடுகின்றன. அவ்வொளியில் ஒரு கூற்றைப் பிரித்தெடுத்தால், செய்தி தடையின்றிச் சென்று சேரும். அதன் படியோ ஒற்றன் கைக்கும் போகும். அனுப்பியவரும் அறியார், பெற்றவரும் அறியார். பிரித்தானிய ஒற்றுத்துறை இவ்வாறு வடங்களிலிருந்து செய்திகளை வாரியெடுத்து வந்ததை, 2013-இல் எட்வர்டு சுனோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள் காட்டின. சென்னைக் கரையில் ஏறும் வடங்களுக்கும் இயற்கை வேறன்று. பல்லாயிரம் கல் நீளும் வடத்துக்கு வேலியிடல் எவர்க்கும் இயலாது. எனவே, காக்கத்தக்கது வழியன்று, செய்தியே. அனுப்புநர் பூட்டிப் பெறுநர் மட்டுமே திறக்கும் மறையீடே அதற்குக் காப்பு.

அங்ஙனமாயின், அந்தப் பூட்டைச் செய்பவர் யார்? அதனை ஆய்ந்தவர் யார்? கேள்வி இங்குத்தான் கூர்மை பெறுகின்றது. மறையீட்டுத் திறவுகோல்கள், முன்கூட்டி அறியவியலாத எண்களினின்று பிறத்தல் வேண்டும். அவ்வெண்களை ஈனும் முறையொன்றை அமெரிக்க அளவை நிறுவனம் 2006-இல் ஏற்று வெளியிட்டது. அதனுள் மறைவழி இருத்தல் கூடும் என 2007-இல் ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். சுனோடன் ஆவணங்களால் ஐயம் வலுத்த பின்னரே, 2014-இல் அம்முறை கைவிடப்பட்டது. அதே நிறுவனம் 2001-இல் ஏற்ற மறையீட்டு முறையோ பெல்சிய அறிஞர் இருவர் வகுத்தது. உலக வல்லுநர் அனைவர் முன்னும் வைக்கப்பட்டு, உடைக்க முயன்றோர் தோற்றபின் தேர்ந்தெடுக்கப்பட்டது. அஃது இன்றும் உறுதியாய் நிற்கின்றது.

இவ்விரண்டும் உணர்த்துவது ஒன்றே. அயலான் செய்தது என்பதனால் ஒரு பூட்டுத் தீயதாகிவிடாது. தன் நாட்டான் செய்தது என்பதனால் நல்லதாகியும் விடாது. வெளிப்பட வைத்து ஆராயப்பெற்றதே நல்ல பூட்டு. ஆனால், ஆராயும் அறிவு தன்னிடம் இல்லாத இனம், பிறன் சொல்லை நம்பி வாழ்வதன்றி வேறு வழியறியாது. 2007-இல் குறைகண்ட அவ்விருவரைப் போன்றோர் எத்துணைப் பேரைத் தமிழினம் ஈன்றுள்ளது என்பதே இன்றைய வினா.

பூட்டின் அறிவு ஆங்கிலத்தில் மட்டும் அடைபட்டுக் கிடக்குமாயின், உழவனின் வைப்பகக் கணக்கும், நோயாளியின் மருத்துவக் குறிப்பும், இயக்கத்தின் கமுக்கமும் தாம் எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதை அவ்வுரிமையாளர் என்றும் அறியார். எண்ணியலும் மறையீட்டியலும் பள்ளி தொட்டுத் தமிழில் பயிற்றப்படல் வேண்டும். அரசும் பொதுநிறுவனங்களும், உள்ளமைப்பை ஆராயவொட்டாத பூட்டுகளைப் புறந்தள்ளல் வேண்டும். திறவுகோலைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளல் வேண்டும். மொழியை இழந்தவன் பேச்சை இழப்பான். திறவுகோலை இழந்தவனோ பேசியதனைத்தையும் பகைவனுக்கே ஈவான்!