இல்லறத்திற்கு விலை என்ன?

மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் என் அண்ணன், சிற்பம் காண வந்த பிரிட்டிஷ் பெண்ணைச் செங்கற்பட்டில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். இன்று அண்ணி அங்கே, அண்ணன் இங்கே! பிரித்தது கடலன்று, கணக்கு.

துணையை அழைத்துக்கொள்ள ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் வேண்டுமென 2012இல் விதித்தது பிரிட்டிஷ் அரசு. 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கியது. அண்ணியின் ஊதியம் எட்டவில்லை. அண்ணன் இங்கே உளிபிடித்து ஈட்டுவதோ கணக்கில் சேராது.

அரசுக்குச் சுமை கூடாதாம்! வரும் துணைக்கு அரசு உதவித்தொகை இல்லையென விசாவிலேயே விதித்தபின் சுமை ஏது? மணம் பதிவாகி இரண்டாண்டு கடந்த அயல்நாட்டுத் துணைக்கு வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை வழங்கும் நம் சட்டம், சம்பள வரம்பு கேட்பதில்லையே!

இல்லறத்தைச் சம்பளச் சீட்டால் அளப்பது அறமா? தோழர்களே, எண்ணிப் பாருங்கள்!